மஞ்சளாகிப் போன ஆரத்தி

எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும் என்று எங்கள் வீட்டில் எல்லோரும் சொல்வார்கள். வரட்டும். ஆனால் என் கை ராசியான கை என்று சொல்லாதவர்கள் அந்தத் தெருவில் ஒருவரும் இல்லை. புதுப்பெண் வந்தாலும் சரி, பிள்ளை பெற்றவள் வந்தாலும் சரி, ஆபரேஷன் முடிந்து யாராவது வீடு திரும்பினாலும் சரி, "குமுதவல்லி மாமியக் கூப்பிடு, ஆரத்தி கரைக்கட்டும்" என்பார்கள். தண்ணீரில் மஞ்சள் தூளைக் கரைத்து, நகக்கண் அளவு சுண்ணாம்பு சேர்த்தால் நல்ல சிவப்பாகத் திரும்ப வேண்டும். சுண்ணாம்பு குறைந்தால் செங்கல் நிறத்தில் நிற்கும், கூடினால் கறுக்கும். எனக்கு ஒரு நாளும் தவறியதில்லை. ஒரே ஒரு தடவை தவறியது என்று தெரு சொல்லிற்று. அது யாருடைய தவறு என்பதைத்தான் சொல்லப் போகிறேன்.

எமர்ஜென்சி முடிந்த சமயம். தூத்துக்குடிக்குத் தெற்கே, கடலோரமாக ஒரு சின்ன ஆலை இருந்தது. அதை இழுத்து மூடி எத்தனையோ காலமாகிறது, பெயரெல்லாம் எதற்கு. கடற்கரையில் வாரிய கருமணலைக் கொண்டுவந்து அமிலத்தில் வேகவைப்பார்கள். பெயிண்டுக்கு வேண்டிய சரக்கு ஒரு பக்கம் போகும், மிச்சமெல்லாம் சிவப்புச் சேறாக மறு பக்கம் வரும். அந்தச் சேற்றைக் கட்டி மேய்ப்பதுதான் என் வீட்டுக்காரர் சம்பத்குமாருக்கு வேலை. கெமிஸ்ட் என்று பெயர். இவருடைய அப்பா தென்திருப்பேரைக் கோயில் மடைப்பள்ளியில் இருந்தவர். "புளியோதரைக்குப் புளி காய்ச்ச வேண்டிய கை, சேற்றுக்குப் புளிப்பு எடுக்கிறது" என்று நான் கேலி செய்வேன். சிரித்துக்கொள்வார்.

இவர் வருவதற்கு முன் அந்தச் சேற்றை அமிலத்தோடு அப்படியே கொண்டுபோய்க் கொட்டி, ரோட்டோரம் ஒரு பெரிய மேடாக்கி வைத்திருந்தார்கள். சிப்பிச் சுண்ணாம்பைக் கரைத்து ஊற்றிப் புளிப்பை முறித்த பிறகுதான் சேறு வெளியே போக வேண்டும் என்று இவர் வந்து சண்டை பிடித்தார். இவர் சண்டை என்றால் குரல் உயராது. எதிரே போய் நின்றுகொண்டே இருப்பார், கேட்டதைக் கொடுக்கிற வரை நகரமாட்டார். புன்னைக்காயல் செபாஸ்டின் சூளையிலிருந்து சுண்ணாம்பு வர ஆரம்பித்தது. சேற்றுக்கென்று குளம் வெட்டினார்கள். கரையில் பூவரசு நட்டு, அது துளிர் விட்ட அன்று வீட்டுக்கு அல்வா வாங்கி வந்தார் மனுஷர். பழைய மேடு மட்டும் கேட்பாரில்லாமல் கிடந்தது. அதைப் பற்றிக் கேட்கும்போதெல்லாம் மேனேஜர் ஜகந்நாதன் "அடுத்த வருஷம் பார்ப்போம் சம்பத்" என்பார்.

எங்கள் பக்கத்து வீடு அய்யாக்குட்டி அண்ணாச்சியுடையது. முன்னால் பலசரக்குக் கடை, பின்னால் வீடு. அவர் மனைவி முத்துக்கனிக்கு இரண்டு கர்ப்பம் தங்காமல் போயிற்று. மூன்றாவது பிள்ளை பெண்ணாகப் பிறந்து, நல்லபடியாக உடன்குடியில் தாய்வீட்டில் வளர்ந்துகொண்டிருந்தது. அண்ணாச்சியின் அம்மா வடிவம்மாள் பேத்தி வருகிற நாளை எண்ணிக்கொண்டே இருந்தாள்.

"சார்வாள், நம்ம முத்தம் பள்ளமாக் கிடக்கு. ஐப்பசி மழைக்கு வீட்டுக்குள்ள தண்ணி வந்துருது. பிள்ள வாரதுக்குள்ள மேடாக்கணும். உங்க சேத்துக்குளத்துக் காஞ்ச மண்ண எடுத்துக்கிடட்டுமா?" என்று அண்ணாச்சி ஒரு நாள் இவரிடம் கேட்டார்.

"தாராளமா எடுத்துக்கோங்க. புளிப்பெல்லாம் முறிச்சாச்சு" என்றார் இவர். காப்பியைக் குடித்துக்கொண்டே சொன்ன சொல்.

வண்டிக்கார முப்பிடாதி மண்ணைக் கொண்டுவந்து கொட்டிப் பரப்பினான். செம்மணல் தேரிக்காட்டுச் சனங்களுக்குச் சிவந்த மண் என்றால் தாய்மண். அந்த முற்றத்தைப் பார்த்து வடிவம்மாளுக்கு வாயெல்லாம் பல். "அப்படியே எங்க அப்பன் வீட்டுத் தேரி மாதிரியே இருக்கு மாமி" என்று காலால் தட்டித் தட்டிப் பார்த்தாள். கோலம் மட்டும் நிற்கவில்லை, போட்ட சுண்ணாம்புக் கல்மாவு மத்தியானத்துக்குள் மங்கிப் போகிறது என்றாள். ஈர மண், அப்படித்தான் இருக்கும் என்று நான் பெரிய மேதாவி போலச் சொல்லி வைத்தேன்.

முத்துக்கனி வந்த அன்று காலையில் தெருவே கூடிவிட்டது. பிள்ளை மூக்கும் முழியுமாக, மை தீட்டி, சிவப்புச் சட்டையில் அவள் தோளில் கிடந்தது. நான் ஆரத்தி கரைத்தேன். அத்தனை அழகான சிவப்பு அதற்கு முன்னும் பின்னும் எனக்கு வாய்த்ததில்லை. தாயையும் பிள்ளையையும் சுற்றி, பொட்டு வைத்து, வழக்கம் போல வாசலில் கொண்டுபோய் ஊற்றினேன்.

சிவப்பாகத்தான் விழுந்தது. விழுந்த இடத்தில் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மஞ்சளாகிப் போயிற்று. வெளுத்த, செத்த மஞ்சள். மஞ்சள் தண்ணீரில் சுண்ணாம்பே போடவில்லை என்பது போல.

வடிவம்மாள் குனிந்து அந்த ஈரத்தையே பார்த்தாள். பிறகு என் கையைப் பார்த்தாள். அந்தப் பார்வையை நான் சாகும் வரை மறக்கமாட்டேன்.

"மாமி, நீங்க ஒண்ணும் நெனைக்காதிய" என்றாள். "முந்தின ரெண்டும் இந்த வீட்டுலதான் கலைஞ்சுது. இந்த வீட்டு வாசலுக்கே பிள்ள ஆகலை. ஏலே அய்யாக்குட்டி, நாளைக்குக் காலம்பர பஸ்ஸுக்கு இவளையும் பிள்ளையையும் உடன்குடிக்கே கொண்டு விட்டுரு. பிள்ளைக்கு ஒரு வயசு திரும்புத வரைக்கும் இங்கன வர வேண்டாம்."

"அத்தே, நான் இப்பந்தான வாரேன்" என்றாள் முத்துக்கனி. தகரப் பெட்டியை இன்னும் திறக்கக்கூட இல்லை அவள். வாசல்படியில் உட்கார்ந்து பிள்ளையின் உச்சியில் முகத்தை வைத்துக்கொண்டாள். வடிவம்மாள் கொடுமைக்காரி இல்லை. பயந்து போன மனுஷி. இரண்டு தடவையும் மருமகள் தலைமாட்டில் ராவெல்லாம் விழித்திருந்தவள் அவள்தான். அதனால்தான் எனக்கு அவளைத் திட்டவும் முடியவில்லை.

தாம்பாளத்தை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். என் மேல் கோபம், மஞ்சள் மேல் கோபம், சுண்ணாம்பு விற்றவன் மேல் கோபம். தாம்பாளத்தில் கொஞ்சம் ஆரத்தி மிச்சம் இருந்தது. அதை என் வாசலில் விசிறி அடித்தேன். சிவப்பாகவே கிடந்தது. சரி, கரைத்ததில் குறையில்லை என்று ஒரு மூச்சு விட்டேன். உள்ளே போய் ஒரு கொட்டைப் புளியை வைத்துத் தாம்பாளத்தைத் தேய்க்க உட்கார்ந்தேன்.

புளி பட்டதும் தாம்பாளத்துச் சிவப்புக் கறை மஞ்சளாகிற்று. எத்தனை கல்யாணத்தில், எத்தனை தாம்பாளத்தில் இதைப் பார்த்திருக்கிறேன். பார்த்துப் பார்த்தே கண்ணில் படாமல் போய்விட்டது. புளிப்பு பட்டால் ஆரத்தி மஞ்சளாகும். அப்படியானால் அந்த வாசலில் இருந்தது என்ன?

இவர் மத்தியானம் சாப்பிட வந்தார். இலையைப் போடாமல், தாம்பாளத்தைத்தான் முன்னால் வைத்தேன்.

"ஏன்னா, அண்ணாச்சி வாசல்ல கொட்டின மண்ணு புளிச்ச மண்ணு."

"குளத்து மண்ணு இல்லையோ? நான் டெஸ்ட் பண்ணினதாச்சே."

"பெருமாள் சத்தியமாச் சொல்றேன், ஆரத்தி மஞ்சளாப் போச்சு. அந்தப் பொண்ணை நாளைக்குத் திருப்பி அனுப்பறா. பச்சைக் குழந்தை அது. நீங்க குளத்தைக் கட்டிண்டு அழுங்கோ."

இவர் தாம்பாளத்துக் கறையை விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு செருப்புக்கூடப் போடாமல் தெருமுனை வண்டிப்பேட்டைக்குப் போனார். நானும் பின்னாலேயே போனேன். முப்பிடாதி வெள்ளந்தியாகச் சொன்னான்: "குளத்து மண்ணு கருஞ்சிவப்பு சார், வெட்டவும் கஷ்டம். ரோட்டோர மேட்டு மண்ணு பாக்கதுக்கு அப்படியே தேரி மண்ணு. பெரியம்மா சந்தோசப்படுவாகளேன்னு அதை அள்ளினேன்."

இவர் முகம் வெளுத்துப் போயிற்று. "நான் எந்த மண்ணுன்னு கூட நின்னு காட்டலையே குமுதா" என்றார். என் கோபமெல்லாம் எங்கே போயிற்றோ. நடுத்தெருவில் இவர் கையைப் பிடித்துக்கொண்டேன். அந்தக் காலத்தில் அது பெரிய காரியம்.

நேராக அண்ணாச்சி வீட்டுக்குப் போய், வடிவம்மாள் முன்னால் கைகட்டி நின்று இவர் எல்லாவற்றையும் சொன்னார். மேட்டு மண்ணில் அமிலம் இருப்பது, ஆரத்தி அதனால்தான் நிறம் மாறியது, வீட்டுக்கும் பிள்ளைக்கும் ஒரு தோஷமும் இல்லை என்பது எல்லாம். வடிவம்மாள் பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள்.

"நீங்க தங்கமான மனுசன் சார்" என்றாள் கடைசியில். "மாமி பேரு கெட்டுரக் கூடாதுன்னு சொல்லுதிய. எனக்குத் தெரியாதா? பிள்ள போகட்டும்."

அங்கேதான் எனக்கு மூக்குக்கு மேல் வந்தது. "வடிவம்மா, எழுந்திருங்கோ. நான் கரைக்கலை. நீங்களே உங்க கையால ஒரு செம்பு ஆரத்தி கரைச்சு எடுத்துண்டு என்கூட வாங்கோ. நான் சொல்றது பொய்யா இருந்தா நாளைக்கு நானே அவளை பஸ் ஏத்தறேன்."

வெயில் சாயும் நேரத்தில் நாங்கள் போனதைப் பார்த்து ஆலை கேட் வாட்ச்மேன் திகைத்து நின்றான். முன்னால் செம்போடு வடிவம்மாள், பின்னால் நான், அப்புறம் இவர், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு முத்துக்கனி. முதலில் சேற்றுக்குளத்துக் கரையில், பூவரசு அடியில் ஊற்றினாள். சிவப்பு சிவப்பாகவே ஊறி இறங்கிற்று. பிறகு பழைய மேட்டுக்குப் போனோம். அவள் செம்பைச் சாய்த்தாள். காலடியில் அந்தச் செத்த மஞ்சள் பரவிற்று. இன்னும் கொஞ்சம் தள்ளி ஊற்றினாள். அங்கேயும் மஞ்சள்.

வடிவம்மாள் செம்பை நழுவ விட்டாள். "எம்மா, இதையா என் வாசல்ல பரப்பி வச்சேன்? இது மேலயா என் பேத்தி தவழ இருந்தா? அள்ளி வாயில வச்சிருப்பாளே" என்று முத்துக்கனியிடமிருந்து பிள்ளையைப் பிடுங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். "தோசம்னு நெனச்சேனே. அந்த ஆரத்தி நமக்குக் காட்டிக் குடுத்திருக்குல்லா."

அந்தப் பக்கம் ரவுண்டு வந்த மேனேஜர் ஜகந்நாதன் ஜீப்பை நிறுத்தி இறங்கினார். அவரும் எங்கள் பக்கத்து ஸ்ரீவைகுண்டத்துக்காரர்தான், ஆரத்தி என்றால் என்னவென்று யாரும் சொல்லித் தர வேண்டாம். தரையைப் பார்த்ததும் முகம் சுருங்கிற்று.

"ஐயா, இந்த மேடு எப்பப் போவும்?" என்று வடிவம்மாள் கேட்டாள்.

"அடுத்த வருஷம் பட்ஜெட்ல…"

"மழை அடுத்த வருசம் வரைக்கும் காத்துக்கிட்டு நிக்குமா ஐயா? ஐப்பசியில இந்த மேட்டுத் தண்ணி எங்க தெருவுக்குத்தான் வரும். எங்க கிணத்துக்குத்தான் எறங்கும். உங்க வீட்டுப் பிள்ளைக்கு ஆரத்தி எடுத்து இங்கன ஊத்துவியளா?"

ஜகந்நாதன் மஞ்சளை மிதிக்காமல் ஓரமாக நின்றார். இவர் எழுதிக் கொடுத்த ரிப்போர்ட்டெல்லாம் அசைக்காத மனுஷரை அந்த ஈரம் அசைத்தது. "செபாஸ்டினுக்கு ஆள் அனுப்புங்க சம்பத். மழைக்கு முன்னால முடியணும்" என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார்.

திரும்பும்போது முத்துக்கனி மெதுவாகக் கேட்டாள், "அத்தே, அப்பம் நாளைக்கு பஸ்ஸுக்கு?"

"எவ போறா பஸ்ஸுக்கு? நம்ம வீட்ட விட்டுட்டு எங்க போற?" என்று வடிவம்மாள் அதட்டினாள். "ஆனா ஒண்ணு. மழை பெஞ்சு ஓயணும். அதே வாசல்ல மாமி ஆரத்தி ஊத்தணும். அது சிவப்பா நிக்கணும். அதுக்கு முன்ன என் பேத்தி கால் இந்த மண்ணுல படாது."

சொன்னபடி செய்தாள். வடிவம்மாள் இடுப்பு, அண்ணாச்சி தோள், என் மடி என்று பிள்ளை மாறி மாறிக் கிடந்தது. தவழுகிற பருவம் வேறு. இறக்கி விடச் சொல்லி நெளிந்து நெளிந்து அழும். தொட்டிலுக்குள் முட்டி போட்டு நின்று வெளியே தெரிகிற முற்றத்தைக் கைகாட்டும். அன்றன்றைக்கு இவரிடம் வந்து "இன்னும் எத்தனை நாளைக்கு?" என்று எரிந்து விழுவேன்.

முற்றத்து மண்ணை முழுக்க வெட்டி எடுத்து மேட்டிலேயே கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். அடித்தரையில் சுண்ணாம்பு கலந்து கொத்தினார்கள். "குளத்து மண்ணு போட்டு மூடிருவமா சார்?" என்று அண்ணாச்சி கேட்டதற்கு இவர் வேண்டாம் என்றார். "அன்னிக்கே நான் அப்படிச் சொல்லியிருக்கணும் அண்ணாச்சி. சுண்ணாம்பு போட்டா புளிப்பு முறியும், அவ்வளவுதான். கழிவு நல்ல மண்ணாகிடாது. குழந்தை விளையாடற இடத்துக்கு அது ஆகாது." அண்ணாச்சி நிஜத் தேரிக்காட்டிலிருந்து நிஜ மண் கொண்டுவந்து போட்டார்.

மேட்டில் வேலை பெரிதாக நடந்தது. ஓர் அடுக்கு வெட்டிக் கிளறுவது, சுண்ணாம்பு கலப்பது, நனைத்து ஆற விடுவது, பிறகு அடுத்த அடுக்கு. புளிப்பை அளக்க இருந்தது ஒரே ஒரு பி.எச். மீட்டர். அது நினைத்தால் வேலை செய்யும், இல்லாவிட்டால் செய்யாது. அதனால் நான் தினமும் ஒரு குடம் ஆரத்தி கரைத்து அனுப்பினேன். மஞ்சளான இடத்தில் மறுபடி சுண்ணாம்பு. மேட்டுக்கு மேலே மழைத்தண்ணீர் இறங்காதபடி ஊர்க் குளத்துக் களிக்கரம்பையைக் கனமாகப் போர்த்தினார்கள். சுற்றிலும் ஓடை வெட்டிச் சிப்பியை நிரப்பினார்கள், வழிகிற தண்ணீர் அதன் மேல் ஓடிப் புளிப்பை விடட்டும் என்று. எங்கிருந்தோ பழைய முத்துக்குளிப்புக் காலத்துச் சிப்பியை வண்டி வண்டியாகக் கொண்டுவந்தான் செபாஸ்டின். "முத்து எவனெவன் கழுத்துலயோ தொங்குது மாமி. சிப்பி நமக்கு இருக்குல்லா" என்றான்.

ஐப்பசி பிறந்தது. வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. தெருவில் கணுக்கால் அளவுக்குத் தண்ணீர். இவர் குடையைப் பிடித்துக்கொண்டு ஓடைக்கும் கிணற்றுக்குமாக அலைந்தார். மீட்டர் நன்றாகத்தான் சொல்கிறது என்பார், பத்து நிமிஷத்தில் மறுபடி எழுந்து போவார். இரவு சாப்பாடு இறங்கவில்லை. "சரியாத்தான் இருக்கும்னா" என்றேன். "அன்னிக்கும் அப்படித்தான் நெனச்சேன்" என்றார். இவர் முதுகைத் தடவிக் கொடுத்தேன். வேறு என்ன செய்ய.

மழை வெறித்து வெயில் வந்த காலையில் வடிவம்மாள் வந்து நின்றாள். "மாமி, கரைங்க."

அன்றுதான் முதல் தடவையாகச் சுண்ணாம்பை இரண்டு தரம் அளந்து போட்டேன். தெரு முழுக்க வாசலில் நின்றது. முத்துக்கனி பிள்ளையோடு கிழக்கே பார்த்து நின்றாள். சுற்றினேன். பொட்டு வைத்தேன். நனைந்த மண்ணில் தாம்பாளத்தைச் சாய்த்தேன். இவர் கடைத் தூணுக்குப் பின்னால், சந்நிதியில் திரை திறக்கக் காத்திருப்பவர் போலக் கண்ணை மூடிக்கொண்டு நின்றார்.

சிவப்பு விழுந்தது. சிவப்பாகவே பரவியது. சிவப்பாகவே நின்றது.

வடிவம்மாள் குனிந்து அதைத் தொட்டுப் பார்த்தாள். விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "ஏளா முத்துக்கனி, பிள்ளைய இறக்கி விடு."

முத்துக்கனிக்கு உடனே கை வரவில்லை. இத்தனை நாள் தூக்கியே வைத்திருந்த கை. மெதுவாகக் குனிந்து, ஆரத்தி படாத பக்கமாகப் பிள்ளையை இறக்கி வைத்தாள். பிள்ளை கொஞ்ச நேரம் அசையாமல் இருந்தது. உள்ளங்கையை மண்ணில் அழுத்தி எடுத்துப் பார்த்தது. அப்புறம் ஒரு பிடி அள்ளி நேராக வாய்க்குக் கொண்டுபோயிற்று.

தூணுக்குப் பின்னாலிருந்து இவர் ஓடி வந்தார். அப்படி ஓடி நான் பார்த்ததே இல்லை. பிள்ளையின் மணிக்கட்டைப் பிடிக்கக் குனிந்தவர், பாதியில் நின்றுவிட்டார். அது வெறும் மண். நிஜ மண். இவர் கண்ணிலிருந்து தண்ணீர் சொட்டியது. அதை மறைக்கக்கூட இவருக்குத் தோன்றவில்லை.

"விடுங்க சார்" என்றாள் வடிவம்மாள். "உங்க கண்ணன் திங்காத மண்ணா? ஒரு வாய் திங்கட்டும்."

இவர் அங்கேயே மண்ணில் உட்கார்ந்துவிட்டார். பிள்ளை வாயைச் சுளித்துத் துப்பிவிட்டு, இவர் வேட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நிற்கப் பார்த்தது.